பதினேழு இன்ச் சக்கரங்கள்

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, ஸ்பிரிங்குகளை மாற்றி, அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்தபோது எனக்குப் பதினோரு வயது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் இருந்தார். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட். மதியம் வீடு திரும்பியதும் சட்டையை மாற்றிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார். அவ்வளவு இறங்கிப்போன காருக்கு அடியில் ஒரு மனிதர் எப்படி நுழைகிறார் என்பது தெருவுக்கே ஆச்சரியம்.

கார் இறங்கியதே தவிர அழகாக இல்லை. அதோடு வந்த பதின்மூன்று இன்ச் சக்கரங்கள் அந்த உடம்புக்குள் எங்கோ ஒளிந்துகொண்டன. கோட்டு சூட்டுப் போட்ட கல்யாண மாப்பிள்ளை, காலில் பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூவோடு நிற்பது போலிருந்தது. பெரிய சக்கரம் போட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எவ்வளவு பெரியது என்பதில்தான் சண்டை.

அப்பா தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் சபைப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் வரைந்தார்.

“வெளி வட்டம் மாறக் கூடாது மாப்ள. மாறுனா ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். அப்ப உள்ள ரிம் பெருசாக ஆக, நடுவுல ரப்பர்தான் கொறையணும். அந்த ரப்பர்தான்டா உனக்கு மெத்தை. பதினஞ்சோட நிறுத்திக்கோ.”

“பதினஞ்சு ஊரே போடுது அத்தான். பதினேழு போட்டு ஒரு வளைவுல திருப்பிக் காட்டறேன், அப்பறம் பேசுங்க.”

இரண்டு வாரம் இந்த வழக்கு நடந்தது. இரண்டு பேருக்கும் அதில் அலாதி சந்தோஷம். கடைசியில் என்னைக் கேட்டார்கள். பதினேழு என்றேன். பெரிய எண் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடையில் மாட்டினார்கள். கடைக்காரர் மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “லுக்கு சும்மா அள்ளிகினு போவும்ணா. ஆனா பள்ளம் பாத்து ஓட்டு. டயர்ல சதையே இல்ல. அடி வாங்குனா நேரா உள்ள குந்திகினு இருக்கறவனுக்குத்தான்.”

லுக்கு அவர் சொன்னபடியே இருந்தது. சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே விரல் நுழையாது. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், கார் திரும்பிவிடும். வளைவில் சாயவே சாயாது. ஆனால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் முதுகில் எழுதியது போலத் தெரியும். வேகத்தடையைக் கோணலாக ஏறித்தான் கடக்க வேண்டும். முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசி ஒரு முனகல் வரும். அப்பா அந்த முனகலைக் கேட்டால் மட்டும் மாமாவைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த வருடம் பள்ளி திறந்த சில மாதங்களில் அப்பாவுக்கு முதுகு வலி வந்தது. எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். எலும்பில் புற்றுநோய் என்பது பெரியவர்கள் மூவருக்கும் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா கிண்டியில் வேலை முடிந்து மின்சார ரயிலில் வர இருட்டிவிடும். ஆகவே மாமாதான் அழைத்துப் போவார். திரும்பும் வழியில் அஸ்தினாபுரத்தில் என் பள்ளி வாசலில் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளி வாசலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார் வந்து நின்றால் பெரிய வகுப்புப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அது வரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள், “உங்க வண்டியா?” என்று கேட்டார்கள். நான் மெதுவாக நடந்து போய், கதவைத் திறந்து, அவசரமில்லாமல் ஏறுவேன்.

அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்திருப்பார். “இந்தத் திருப்பத்துல கொஞ்சம் லேட்டாத் திருப்பின மாப்ள” என்று மாமாவைச் சீண்டுவார். மாமா பதிலுக்கு ஏதாவது சொல்வார். வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு மாமா காரைத் தெருமுனையில் நிறுத்தப் போனதும் அப்பா என் தோளில் கை வைத்து அப்படியே நிற்பார். வலியில் கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும்.

“மாமாகிட்ட சொல்லாத, என்ன?”

“சொல்ல மாட்டேம்பா.”

நான் சொல்லவில்லை. கீழ்ப்படிகிற பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சக்கரம் போய்விடுமோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒருநாள் மாமா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். “பாப்பா, நெஜமாச் சொல்லு. அத்தானுக்கு வண்டி ரொம்பக் குலுங்குதா? அவரைக் கேட்டா சிரிக்கிறாரு. பழைய வீலு, ஸ்பிரிங் எல்லாம் மேலதான் கெடக்கு. அரை நாள் வேலை, மாட்டிடுவேன்.”

“இல்ல மாமா. அப்பாவுக்கு இதுதான் புடிச்சிருக்கு” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கன்னத்தைத் தட்டிவிட்டு மேலே போனார்.

அடுத்த வாரம் நல்ல மழை. அஸ்தினாபுரத்தில் கால்வாய்க்குத் தோண்டிய இடம் எது, ரோடு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. மாமா ஊர்ந்துதான் போனார். முன்பக்கச் சக்கரம் எதிலோ இறங்கியது. இரும்பை இரும்பு அடித்தது போல ஒரு சத்தம், கூடவே இன்னொரு சத்தம். அது அப்பாவிடமிருந்து வந்தது என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி, சக்கரத்தைத் திரும்பியும் பார்க்காமல், அப்பாவின் கதவைத் திறந்தார். அப்பா வெளுத்திருந்தார். பேச முடிந்ததும், “ரிம்மைப் பாரு மாப்ள, வளைஞ்சிருக்கும்” என்றார். மாமா நடுரோட்டில் அழுதார்.

முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கியிருந்தது. ஏற்கெனவே அரிக்கப்பட்ட எலும்பு, பலமாகத் தும்மியிருந்தாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னாள். அப்படியே இருக்கலாம். ஆனால் அன்று மருத்துவமனை வராந்தாவில் மாமா அம்மாவிடம், “அவரு ஒரு வார்த்தை சொல்லலியேக்கா. பாப்பாவைக் கூடக் கேட்டேனே, அவ...” என்று தொடங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். மீதியை அவர் அம்மாவிடம் சொல்லவேயில்லை. என்னிடமும் கேட்கவில்லை. இன்று வரை நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை. நானாகத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நினைப்பேன். அவர் கேக்கைத் தட்டில் வைத்து நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன்.

அப்பா இடுப்புப் பட்டையோடு வீடு திரும்புவதற்குள் மாமா பழைய ஸ்பிரிங்கையும் பதின்மூன்று இன்ச் சக்கரங்களையும் திரும்ப மாட்டிவிட்டார். மழைத் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடக்கிறவளைப் போலக் கார் உயர்ந்து நின்றது. பள்ளி வாசலில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். அப்பாவுக்கு இரண்டு தலையணை. சைக்கிளெல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். குலுங்கவே இல்லை. அப்பா மாமாவைச் சீண்டுவதும் நின்றுபோயிற்று. கிண்டல் செய்ய மாமா இடமே கொடுக்கவில்லை. “வலிக்குதா அத்தான்?” “தண்ணி வேணுமா அத்தான்?” என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா கொஞ்சம் தெம்பாக இருந்தார். காற்றாட வண்டலூர் பக்கம் போய்வரலாம் என்று கிளம்பினோம். புதிதாகப் போட்ட ரோடு, முன்னால் ஒரு வண்டியும் இல்லை. அப்பா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, கொஞ்சம் அமுத்தேன்டா.”

மாமா தயங்கினார். அவர் கால் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியது, கார் ஒரு மூச்சு முன்னால் போனது. எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. பின்சீட்டிலிருந்து எழுந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டினேன்.

“அப்பா, சும்மா இருங்கப்பா! டாக்டர் என்ன சொன்னாங்க? மாமா, மெதுவாவே போங்க.”

மாமா உடனே வேகத்தைக் குறைத்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “சரி டீச்சர்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை அப்படியே இருந்தார்.

இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை காரில் எனக்கு ஒரே பெருமை. சொன்ன பொய்க்கு ஈடு செய்துவிட்டதாக நினைத்தேன். அப்பாவைச் சுற்றி இருந்த எல்லோரும் எல்லாவற்றுக்கும் வேண்டாம், கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஒரு காலையில்தான் மாமா பழையபடி அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தார். நான் எதைத் தடுத்தேன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.