மந்திரவாதிக்கு மூணே உசுரு

யாழினி, கதிரு, பச்சைப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தால் ஒரு வாசனை வரும். புளிப்பும் ஈரமண்ணும் கலந்து மூக்கைக் கூசவைக்கும் வாசனை. உங்களுக்கு அது தெரியாது. என் பத்து வயதில் ஒரு வாரம் முழுக்க அதை முகர்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, மாமா சென்னையிலிருந்து வாங்கி வந்த விளையாட்டை மேசைமேல் பரப்பி நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்களே, அப்போது எனக்கு மறுபடி அந்த வாசனை வந்தது.

"அக்கா மந்திரவாதிப்பா. ஒரே மந்திரத்துல எல்லாரையும் எரிச்சிடறா. கத்திய வச்சிக்கினு நான் எதுக்குப்பா?" என்று கதிர் அழுதான். "அது ரூல்ஸ்டா, லூசு" என்றாள் யாழினி. யார் சொல்வது நியாயம் என்று கேட்டீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபமெல்லாம் இல்லை. இதே கேள்வியை என்னிடம் முன்பே ஒருவன் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருப் பெரியவர்கள் கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. காலனியில் இருந்தவர்களுக்கு அந்த மறியலில் சேர்த்தி இல்லை, அதனாலேயே அவர்கள்மேல் எங்கள் தெருவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ரோடு தெளியற வரைக்கும் அந்தப் பக்கத்துப் பசங்களோட சேந்துக்கினு திரிஞ்சே, கால ஒடிச்சிடுவேன்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் என் கூட்டாளி மாரி காலனிப் பையன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவன். அவன் அப்பா முனியன் எங்கள் நிலத்தில்தான் வேலை செய்தார். அதனால் நாங்கள் இருவரும் யாருக்கும் தெரியாமல் எங்கள் கிணற்றடி மோட்டார் கொட்டகையில் சந்தித்தோம். அங்கே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பழைய காலண்டர் அட்டையை வைத்து, கதவிடுக்கில் மேற்கே தெரிந்த கல்வராயன் மலையை அப்படியே அதில் வரைந்தோம். காடு, அருவி, குகை, குகைக்குள் கரடி. சோடா மூடிகள்தான் ஆட்கள். நான் மந்திரவாதி, கூத்தில் பார்த்தவன் மாதிரி. அவன் கத்திக்காரன். ஒருபக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய நாலு புளியங்கொட்டைகளை உருட்டினால், எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை வெட்டு. உசுருக்குச் சோளம், ஆளுக்குப் பத்து.

எனக்குக் கொட்டை உருட்டும் வேலையே இல்லை. "தூங்கு", "எரி", "கல்லாகு" என்று சீட்டில் எழுதிப் படித்தால் போதும், கரடி செத்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மாரி, மூன்றாம் நாள் சோடா மூடியைத் தூக்கி எறிந்தான்.

"இன்னாடா குமாரு இது? நீ சொன்னாவே நடக்குது. நான் மட்டும் கையி வலிக்க உருட்டிக்கினு கெடக்கணுமா?"

"மந்திரவாதின்னா அப்பிடித்தான்டா."

"அப்போ நீயே தனியா ஆடு. நான் வூட்டுக்குப் போறேன்."

போகவில்லை. வாசலில் குந்தி வெகுநேரம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, என் சோளத்தில் ஏழு மணிகளை எடுத்து வாயில் போட்டு மென்றான். "உனுக்கு பலம் ஜாஸ்தி. அதனால உசுரு கம்மி. மூணே மூணு. நீ எம் பின்னால நில்லு, வர்ற அடிய நான் வாங்கிக்கறேன். மந்திரம் சொல்றப்ப மட்டும் முன்னால வந்து நின்னு, எதிரி மூஞ்சியப் பாத்து சத்தமா சொல்லணும். முணுமுணுத்தா செல்லாது. நடந்துட்டா சீட்ட கிழிச்சிடு. நடக்கலியா, மடிச்சி வச்சிக்கோ."

கொட்டகையில் என்னை "டா" போட்டுப் பேசியவன், வெளியே எங்கள் தெருவில் எதிர்ப்பட்டால் "வாங்க" என்பான். அதற்கு நாங்கள் ஏதும் விதி எழுதவில்லை.

மூணு உசுரு விதி வந்த பிறகுதான் விளையாட்டு விளையாட்டானது. முன்பெல்லாம் நான் ஒருவனே குகையைக் காலிசெய்துவிட்டு அலுத்துப்போவேன். இப்போது அவன் எனக்காக அடிபட்டுச் சோளத்தை ஒவ்வொன்றாக இழக்கையில் மிச்சம் எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்று உசுரோடு அவனைத் தாண்டி முன்னால் வந்து கத்த நிஜமாகவே பயமாக இருந்தது. மாரி சிரிப்பான். "கத்துடா, தொண்டையில இன்னா கரடியா குந்திக்கினு இருக்குது?"

ஒருநாள் பிற்பகல் நாங்கள் அப்படி ஆடிக்கொண்டிருந்தபோது ரோட்டுக்குப் போலீஸ் வந்து, என் சித்தப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. மரம் வெட்டிய ஆட்களை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் ஜீப்பின் பக்கத்தில் நின்று பேசியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். மாரியிடம் இருந்த ஒரே சட்டை பச்சை. அவனையும் முனியனையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

"நான் ஜீப்பாண்ட போவலீங்க" என்றான் மாரி.

"பின்ன நேத்து மத்தியானம் எங்கடா இருந்த?" என்று கேட்டது என் அப்பா.

மாரி வாயைத் திறந்தான். அப்பாவின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொன்னால் எனக்கு விழும் என்று அவனுக்குத் தெரியும். திறந்த வாயை மூடி, பிறகு "ஏரிக்கரையிலங்க, சும்மா" என்றான்.

"ஏரிக்கரையில நான் இருந்தேன்டா, உன்ன காணோமே" என்றார் ஒருவர். கூட்டம் நெருங்கியது.

நான் சொல்லவேண்டியது ஒரே வரி. 'மாரி என்கூடத்தான் இருந்தான்.' நான் சொன்னால் நம்புவார்கள், அவன் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தப் பலம் அன்றைக்கு அந்த இடத்தில் எனக்கு இருந்தது. நான் அந்த வரியை வாய்க்குள் முணுமுணுத்தேன், கண்ணுங்களா. முன்னால் வரவில்லை.

கூட்டம் கை வைப்பதற்குள் முனியன் முந்திக்கொண்டார். "நானே கேக்கறங்க ஆண்டே, நீங்க கை வைக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு, ரோட்டில் கிடந்த புளிய விளாறு ஒன்றை எடுத்துவந்து சொந்த மகனை அடித்தார். மற்றவர்கள் அடித்தால் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. தன் கையென்றால் போதும் என்ற இடத்தில் நிறுத்தலாம். விளாறின் இலை உதிர்ந்து, பட்டை உரிந்து, அந்தப் பச்சை வாசனை எழுந்தது. மாரி அழுதான். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாளில் அவர்கள் கூர்க்குக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா விடுதலையாகி வந்து, ஜீப்பின் பக்கத்தில் நின்றது டிரைவருக்கு டீ கொண்டுவந்த வேறு ஊர்ப் பையன் என்றார். "அடடே" என்றார்கள் எல்லோரும். பிறகு சாப்பிடப் போனார்கள். மாரியின் குடும்பம் திரும்பி வரவேயில்லை. பெரியவனான பிறகு காலனியில் விசாரித்தேன். எந்தத் தோட்டம் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது, ஓரத்தில் ஒரு புளியமரம் இல்லை. மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். மலை மட்டும் காலண்டர் அட்டையில் நாங்கள் வரைந்த மாதிரியே மேற்கே நிற்கிறது. யாழினி, தம்பி கேட்டது நியாயம்தான். உன் சோளத்தில் ஏழு மணிகளைக் குறைத்துக்கொள்.

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, உங்கள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் ஆள் இல்லை. அப்பா நின்ற இடத்துக்கு எதிரே, மாரி நின்ற இடத்துக்கு முன்னால் போய் நின்று, "மாரி என்கூடத்தான் இருந்தான்" என்று தொண்டை வலிக்கச் சத்தமாகப் படித்தேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு, அவன் சொன்ன விதிப்படி, சீட்டைக் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.