ஒன்பதாம் நாள் பெட்டி

எங்க அண்ணிக்கு வாய் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் சொல்வேன், நாத்தனாருக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஆனா திராட்சை விஷயத்துல அவங்க கண்ணு தப்பாது. ஏற்றுமதிக்குப் பழம் கட்டுற எங்க ஷெட்டுல பதினாலு வருஷமா அவங்கதான் தரம் பார்த்தாங்க.

கப்பலேறுற ஒவ்வொரு கன்டெய்னர்லயிருந்தும் ஒரு பெட்டியை எங்க குளிர் அறையிலேயே நிறுத்தி வைப்போம். கடல்ல போற பழம் என்ன ஆகுதோ, இந்தப் பெட்டியிலயும் அதான் ஆகும். கப்பல் கிளம்பின ஒன்பதாம் நாள் அண்ணி அதைத் திறந்து பார்ப்பாங்க.

அந்தப் பதினாலாவது வருஷம் பொழப்பே ஆட்டம் கண்டுபோச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நாடே திராட்சை அனுப்பிக் கொழிச்சுது. அப்புறம் மழை, அப்புறம் வாங்குற நாட்டுல புது விதி. வாங்கினவங்க வேற நாட்டுக்குத் தாவிட்டாங்க. ஏற்றுமதி ஏறுது, இறங்குதுன்னு டிவியில கோடு போட்டுக் காட்டுவான் பாருங்க, எங்களுக்கு அது வாரக் கூலியில தெரியும். வாரம் தவறாம ஒரு கன்டெய்னர் கேட்டது ஒரே ஒரு வியாபாரிதான். அவரை நம்பி ஷெட்டுல அறுபது பொம்பளைங்க.

அந்த ஒன்பதாம் நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினாங்க. காம்போரமா சாம்பல் கலர்ல பூஞ்சை. அப்போ கடல்ல போற பழத்துக்கும் இதே கதிதான்.

பூஞ்சை வராம இருக்கப் பழத்து மேல ஒரு மருந்துத் தாள் விரிப்போம், எழுத்துப் பக்கம் மேல பார்க்க. புதுசா வந்த தாள்ல எழுத்துப் பக்கம் கீழ இருக்கணுமாம், அப்பத்தான் மருந்து பழத்துல படுமாம். கட்டு மேல பொடி எழுத்துல போட்டிருந்தான், கப்பல் அவசரத்துல யாரு படிச்சா? "பழைய மாதிரியே போடுங்கடி!"ன்னு கத்தினது அண்ணிதான்.

ரெண்டு பேருமா முதலாளிகிட்ட போய்ச் சொன்னோம். அவர் கதவைச் சாத்திட்டு அண்ணிகிட்ட சொன்னார்: "வாயைத் திறக்காத. அங்க போய் இறங்கட்டும். கப்பல்காரன் குளிர் சரியா வைக்கலைன்னு சொல்லிக்கலாம்."

"நாளன்னிக்குக் கப்பல் நடுவுல ஒரு துறைமுகத்துல நிக்கும்ங்க. அங்கயே இறக்கி வித்தா பாதியாவது தேறும்"ன்னாங்க அண்ணி.

"சொன்னா இருக்கிற ஒருத்தரும் ஓடிடுவார்!"

வெளிய வந்ததும் நானும் பாய்ஞ்சேன். "பைத்தியமா அண்ணி உங்களுக்கு? அறுபது வீட்டு அடுப்புல மண்ணைப் போடப் போறீங்களா?"

அவங்க நேரா வியாபாரிக்குப் போன் போட்டாங்க. "பழம் கெட்டுப்போகும்ங்க. தப்பு என்னோடது. வழியிலயே இறக்கிடுங்க." அந்தப் பக்கம் போன் கட்டாயிடுச்சு.

நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. ஷெட்டுல யாரும் அண்ணி முகத்தைப் பார்க்கலை. நானும்தான், ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு.

அஞ்சாம் நாள் வியாபாரிகிட்டயிருந்து செய்தி வந்துச்சு. வழியில இறக்கிட்டாராம், பாதி தேறிடுச்சாம். அடுத்த வாரமும் கன்டெய்னர் வேணுமாம், இந்த சீசன் முடியுற வரைக்கும் வேணுமாம். ஷெட்டே விசிலடிச்சுது. நான் அண்ணியைக் கட்டிப்பிடிச்சு அழுதேன்.

அன்னிக்கு மத்தியானமே முதலாளி அவங்களைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டார். தன் பேச்சை மீறிட்டாங்களாம். அண்ணி டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு எங்க வரிசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனாங்க. அறுபது பேர்ல ஒருத்திகூட எழுந்திருக்கலை. நானும் குனிஞ்ச தலை நிமிராம பழம் கட்டிக்கிட்டிருந்தேன்.