கைப்பிடி அரிசியும் காதுச் சோதனையும்

அந்த யோசனை எனக்கு வந்தது ஆராதனைக்கு நடுவில். கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரம். நான் திறந்து வைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபையில் பெண்கள் பக்கம் பாட்டின் முதல் வரியைப் பாதி பாடி முடித்த பிறகுதான் ஆண்கள் பக்கம் தொடங்கும். "ஆம்பளைங்கல்லாம் தூங்கிக்கினு கீறீங்களா?" என்று பாஸ்டர் ஐயா வாராவாரம் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்தங்கிப் பாடியவர்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லோரும் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்கிறவர்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். பாட்டைத் தொடங்கிவைக்கும் கீபோர்டு அவர்களுக்குக் கேட்கவே இல்லை என்று சட்டென்று புரிந்தது.

நான் சென்னையில் ஆய்வு மாணவி. காது கேட்கும் திறனை அளப்பதுதான் என் படிப்பு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில்தான் ஆய்வுக்கே சேர்ந்தேன். பெயர் தெரியாத யாரோ கொடுத்த நன்கொடை. கட்டணம், ரயில் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அதில்தான். மில் தொழிலாளர்களின் காது என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். முப்பது பேரையாவது சோதிக்க வேண்டும். ஒரு வருட முடிவில் காட்ட எதுவும் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும்.

மில்லுக்கு அனுமதி கேட்டு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கேட்டில் நின்றேன். மாதங்கள் போயின. விடிகாலை லோக்கலில் ஏறினால் பொன்னேரி வருவதற்குள் தூங்கிவிடுவேன். தூங்கி எழுந்தாலும் களைப்பு அப்படியே இருக்கும். ஜெபிக்கக்கூட வார்த்தை வராத நாட்கள் அவை.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். எங்கள் சபை வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. சீட்டில் எழுதிப் போட்டால் பாஸ்டர் ஐயா பீடத்தில் நின்று வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். ஆனால் அன்று நான் தேவனுக்கு மட்டும் எழுதுவதாகவே நினைத்து எழுதினேன். மில்லின் பெயரையும் போட்டேன். "அங்கே வேலை செய்யும் எங்கள் சகோதரர்களுக்குக் காது மந்தமாகிவிட்டது, சோதனை செய்ய நிர்வாகத்தின் இருதயத்தைத் திறந்தருளும்" என்று எழுதினேன். ஐயா கணீரென்று வாசித்தார். மூன்றாவது வரிசையில் மில் சூப்பர்வைசர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே காது கேட்காதவனை நிறுத்தப்போகிறார்கள் என்று மில்லில் பேச்சு பரவியது. யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் அப்பாவை மட்டும் மிஷினிலிருந்து எடுத்து வெயிலில் பழைய இரும்பு பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருபது வருட மிஷின்காரர். சாயங்காலம் வந்து கால் கழுவியபடியே சொன்னார்:

"இன்னா பாப்பா, சாமிக்கு எழுதுற லெட்டர சூப்பர்வைசருக்குப் போட்டுட்டியே."

"தெரியாம பண்ணிட்டேன், நைனா."

"இன்னா சொல்ற?"

மறுபடி சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அதன் பிறகு என்னைப் பார்த்தாலே ஆண்கள் சைக்கிளைத் திருப்பினார்கள். ஒருவரைத் துரத்திப் பிடித்துக் கேட்டேன். "எனக்குக் காது பட்டாசு மாதிரி கேக்குதும்மா. நீ கூப்ட்டதுதான் கேக்கல" என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

ஓர் இரவு முடிவு செய்துவிட்டேன். ஆய்வை விட்டுவிடுகிறேன், உதவித்தொகையை வேறு மாணவருக்குக் கொடுங்கள் என்று அறக்கட்டளைக்கு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். "ஆண்டவரே, என்னால் முடியவில்லை" என்பது மட்டும்தான் அன்றைய ஜெபம்.

நான்காம் நாள் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். "இந்தப் பணத்தக் கொடுத்தவங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்கம்மா. பிள்ளைங்க தாமதமானா கையை விட்டுடக் கூடாதுன்னு. ஆறு மாசம் கூடுதலா எடுத்துக்கோங்க. வேற என்ன வேணும்?" என்னைப் பார்த்தே இராத ஒருவர், நான் தடுமாறும் நாளையும் சேர்த்து யோசித்துக் கொடுத்திருக்கிறார். "தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சோதனை மிஷின் வேண்டும்" என்றேன். வாடகைக்கு எடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

என் ஆய்வு வழிகாட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மில்லுக்குள்ளேதான் சோதிக்கணும்னு யார் சொன்னா? அவங்கவங்க சம்மதம் இருந்தா போதும்" என்று திட்டத்தை மாற்றி எழுதச் சொன்னார். பல்கலைக்கழகக் குழுவும் ஒப்புக்கொண்டது. பேர் எழுதக் கூடாது, எண் மட்டும்; சோதனை முடிவு அவரவர் கையில் மட்டும். இனி ஆட்கள் வர வேண்டும். அதற்கு எந்த அறக்கட்டளை உதவும்?

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் ரெபேக்கா அக்காவிடம் போய் நின்றேன். அவர் வீட்டுக்காரரும் மில்தான். "ஊட்ல டிவி சத்தத்துல பேஜாராப் போச்சுடி. அந்தாள் காது எப்டின்னு எனக்குத் தெரியும், மில்லுக்குத் தெரிய வேணாம். அவ்ளோதான?" என்றார்.

எங்கள் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். அது விற்கப்பட்டுச் சபைச் செலவுக்குப் போகும். "இந்த மாசம் விக்கல. ஆக்கிப் போடுறோம்" என்றார் அக்கா. "ஞாயித்துக்கெழம வேலயில்ல, காதும் கொஞ்சம் ஓஞ்சிருக்கும். துன்னுட்டு குந்திக்கினு இருக்கறப்போ நீ போய்க் கேளு. வர்றவன் வரட்டும்."

பாஸ்டர் ஐயா தன் சிறிய அறையைக் கொடுத்தார். சுவரெல்லாம் கம்பளமும் போர்வையும் தொங்கவிட்டோம். தண்டவாளம் பக்கம் என்பதால் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி தொடங்கினோம். முதல் ஞாயிறு, சாம்பார் சாதம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. ரெபேக்கா அக்கா தன் புருஷனைப் பார்த்து, "சோறு எறங்கிச்சில்ல? வேணாம்னா வேணாம்னு சொல்லு, ஏன் தட்டப் பார்த்துக்கினு கீற?" என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் எழுந்தார். பின்னால் இன்னும் இருவர். ஐந்து ஞாயிறுகளில் முப்பதைத் தாண்டினோம்.

கடைசியாக அப்பா வந்தார். ஹெட்போன் மாட்டினேன். தாழ்ந்த ஒலிகளுக்குப் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். பிறகு மெல்லிய கீச்சொலிகள். கை மடியிலேயே இருந்தது. கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"இன்னா பாப்பா, மிஷின் நின்னுப்போச்சா?"

பிரியமானவர்களே, அப்பாவின் காதைத் திரும்பக் கேட்டும் ஜெபித்தேன். அது வரவில்லை, நரம்பு போனால் திரும்பாது என்பது நான் படித்த பாடம்தான். மில்லின் அனுமதியும் இன்றுவரை வரவில்லை. அப்பா இன்னும் வெயிலில்தான் நிற்கிறார். ஆனாலும் கர்த்தர் பதில் தந்தார் என்றே சாட்சி சொல்கிறேன். ஆய்வு நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். முன்பெல்லாம் வேண்டியதைப் பட்டியலாக எழுதி ஜெபிப்பேன். இப்போது முடியவில்லை என்பதையும் சொல்கிறேன். களைத்திருக்கிற நீங்களும் அதையே சொல்லுங்கள். உங்களுக்கும் கதவு திறப்பார். எந்தப் பக்கம் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, மில்லுக்குப் பின்னால் தகர ஷெட்டுகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள். இப்போது மிஷின் முன்னால் அதிகம் நிற்பது அவர்கள்தான். எங்கள் சபையும் தெரியாது, மொழியும் வேறு. சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பதை இந்தியில், "ஆவாஜ் சுனாயி தே தோ ஹாத் உட்டாவோ" என்று ரயிலில் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். அப்பாவோடு இரும்பு பிரிக்கும் ஒடிசாக்காரர், நாலு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு மிஷினைத் தூக்கிக்கொண்டு போகிறேன். நாலு பேர் வந்தால் தொடங்கிவிடலாம்.