வகுபடாத வேகன்

ராயபுரம் கூட்ஸ் யார்டில் எங்கள் வேலை, வந்து நிற்கும் ரயிலோரமாக நடந்து வேகன் நம்பர்களைக் குறிப்பது. அப்புறம் என்ஜின் வந்து வேகன்களைப் பிரிக்கும்வரை சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பவனுக்கு ஏதாவது விளையாட்டு வேண்டுமே! எங்களுக்கு அது வகுத்தல். மீதியில்லாமல் வகுபடும் நம்பர் குடும்பஸ்தன். தன்னையும் ஒன்றையும் தவிர எதற்கும் மசியாத நம்பர் ஒண்டிக்கட்டை.

இந்தப் பைத்தியத்தைக் கிளப்பியவன் என் கூட்டாளி. அவனும் ஒண்டிக்கட்டைதான். அவன் மாமன் மகள் அவனுக்காகவே வந்த வரன்களை எல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். இவனோ பிடி கொடுக்கவில்லை.

ஒருநாள் 30031 என்ற வேகன் வந்தது. பார்த்ததும் துள்ளிக் குதித்தான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இவற்றைப் பெருக்கினால் 30030. அதோடு ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆக, இந்த ஆறில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். இதே மாதிரி செய்த 31, 211, 2311 எல்லாமே ஒண்டிக்கட்டைகள். இதுவும் அப்படித்தான் என்று அடித்துச் சொன்னான். நாங்களும் வகுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அந்த ஒன்று வந்து நின்றது. எனக்கு மெய்சிலிர்த்தது. பதின்மூன்றோடு நிறுத்திவிட்டு அவன் சொன்னதை நம்பினோம்.

அன்று அவன் அம்மா, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வரும் வழியில், யார்டு வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தை வரிக்கும்தான் பாப்பானாம் என் அண்ணன். அப்பால வேற எடத்துல குடுத்துருவானாம். இன்னாடா சொல்றே?"

"முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு என்னிக்கு வகுபடுதோ, அன்னிக்குக் கட்டிக்கிறேன், போம்மா."

நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மார்கழியில் அதே வேகன் அத்திப்பட்டிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்தது. பார்த்ததும், பதின்மூன்றோடு நிறுத்தியது அவனுக்கு உறுத்தியது. உறுத்திவிட்டால், தானே முழுசாகச் சோதிக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. சாக்பீஸை எடுத்து, பதினேழிலிருந்து ஆரம்பித்து வேகனின் பக்கவாட்டிலேயே வகுக்கத் தொடங்கினான். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது கை ஓய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"மாமு, போச்சு. அம்பத்தொம்பது. மீதியே இல்ல."

ஐம்பத்தொன்பதை, ஈவாக வந்திருந்த ஐந்நூற்று ஒன்பதால் பெருக்கிப் பார்த்தேன். அச்சு அசலாக 30031. அந்த இரண்டுமே ஒண்டிக்கட்டைகள்! அத்தனை சின்ன எண்களுக்கும் டிமிக்கி கொடுத்த நம்பர் இவர்களிடம் மாட்டியிருக்கிறது. எனக்கு அந்த நம்பர்மேல் இன்னும் மரியாதை கூடிப்போனது.

"அழிச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல?" என்றான். அழிக்கவில்லை. அவனைப்போல் ஒரு ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நேராகக் காசிமேட்டுக்குப் போனான். கூடைக்கு முன்னால் குந்தியிருந்த அம்மாவிடம் ஐம்பத்தொன்பதையும் ஐந்நூற்று ஒன்பதையும் விளக்க ஆரம்பித்தான். அவர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"கட்டிக்கிறியா, இல்லியா?"

"கட்டிக்கிறேன்."

கையிலிருந்த மீன் கூடையில் விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்த அன்னிக்கே வகுத்துப் பாத்துருக்கக் கூடாதாடா? தெனமும் வாசல பாத்துகினு கீதுடா அந்தப் பொண்ணு."