மந்திரமூர்த்தியின் ‘நம்ம நாடு’

பாளையங்கோட்டையில் கொரிய மொழி தெரிந்த ஒரே மனிதர் என்று மந்திரமூர்த்தி தன்னைச் சொல்லிக்கொள்வார். சரிபார்க்க ஆள் இல்லாததால் நாங்களும் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கார்த் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தவர். மேலதிகாரிகள் திட்டத் திட்டக் கற்றுக்கொண்ட பாஷை அது. வசவு முதலில் வந்தது, இலக்கணம் பின்னால் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, இந்தப் பக்கம் வருகிற கொரியர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். அவர்களைக் கூட்டிப்போகும் கார் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான்.

அந்தத் தை மாதம் அவர் மகளோடு பேசாமல் இருந்தார். மகள் பிரியதர்ஷினி அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கப்போவதாக மார்கழியில் போனில் சொன்னாள். அதையாவது பொறுத்திருப்பார். அதே மூச்சில், “எங்க ஊர்ல பனி கொட்டுதுப்பா. உங்க ஊர்ல மழையா?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குப் போனை வைத்தவர்தான். அதன்பிறகு அவள் எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை.

“‘நம்ம ஊர்ல மழையா’ன்னுல்லா கேக்கணும்? ‘உங்க ஊரு’ங்கா வே! நான் என்ன இங்கன வாடகைக்கா இருக்கேன்?” என்று தினமும் என்னிடம் புலம்பினார். அவள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய அன்று தெரு முழுக்க அல்வா கொடுத்தவரும் இவரேதான். நிஜமான அல்வா. நானும் தின்றிருக்கிறேன்.

அப்போதுதான் கங்கைகொண்டான் பக்கம் தொழிற்சாலை கட்ட இடம் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் பெயர் பாக், சியோலில் இருந்து வந்தவர். எங்கள் வாயில் அவர் பாக்கு சார் ஆகிவிட்டார். இளையவன் டேனியல். பாளையங்கோட்டையில் டேனியல்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், இவன் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து வளர்ந்த கொரியன்.

பாக்கு சாருக்கு அமெரிக்கா என்றாலே ஆகாது. எழுபது வருடமாக அந்த நாட்டுப் பட்டாளம் தங்கள் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளுவார். பொரிந்து முடித்ததும், மகள் பாஸ்டனில் படிப்பதைச் சொல்வார். கல்லூரியின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்வார். டேனியல் இவருக்கும் ஒரு படி மேல். சட்டையில் கொரியக் கொடி. போன், கப்பல், பாட்டு, எதை எடுத்தாலும் கொரியாவை அடிக்க ஆளில்லை என்பான். கொரிய மொழிதான் கொஞ்சம் இடறும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டியிருந்தார்கள். பாக்கு சார் பேசப் பேச மந்திரமூர்த்தி தமிழில் சொன்னார். கொரியர்கள் தங்கள் நாட்டை ‘உரி நாரா’ என்பார்களாம். அந்த ‘உரி’யில் எங்க, நம்ம என்ற பேதம் கிடையாது. கேட்கிறவனை வெளியே நிறுத்தினால் எங்க, உள்ளே சேர்த்துக்கொண்டால் நம்ம என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். சரியாகப் பார்த்தால் அங்கே ‘எங்க நாடு’ என்று சொல்லியிருக்க வேண்டும். மந்திரமூர்த்திக்கு ‘எங்க’ என்ற சொல்லே மார்கழியிலிருந்து கசந்து கிடந்தது. எல்லா இடத்திலும் ‘நம்ம’ போட்டார்.

“ஒரு காலத்துல நம்ம நாடு பட்டினி கிடந்துச்சு. அமெரிக்கக்காரன் குடுத்த கோதுமையையும் பால்பவுடரையும் வச்சுத்தான் நம்ம பிள்ளைங்க பசியாறுனாங்க. இன்னைக்கு அதே அமெரிக்கக்காரன் நம்ம நாட்டுச் சாமானுக்குக் காத்துக் கிடக்கான்!”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த பிச்சைக்கண்ணு என்ற வயதான விவசாயி எழுந்தே விட்டார். “அந்தப் பால நான் குடிச்சிருக்கேம்யா! பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னு குடிச்சேன்!”

இந்தியாவைப் பற்றிய பேச்சு என்று அவர்கள் கைதட்டினார்கள். கொரியாவின் மேல் இவர்களுக்கு இவ்வளவு பாசமா என்று பாக்கு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மந்திரமூர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தார். யாரையும் திருத்தவில்லை.

திரும்பும்போது டேனியல் ஒரே உற்சாகமாக இருந்தான். கொரிய மொழியில் ஏதோ சொன்னான். அதில் ‘உரி நாரா’ என்பது எனக்கே கேட்டது. பாக்கு சார் அவன் பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி கேட்டார். அவன் முகம் செத்துவிட்டது. என்ன கேட்டார் என்று மந்திரமூர்த்தியிடம் பைய விசாரித்தேன்.

“‘உன் நாடு எது? நீ அமெரிக்கக்காரன்லா’ன்னு கேட்டுட்டாரு வே.”

கொஞ்ச தூரம் போனபிறகு டேனியல் ஜன்னலைப் பார்த்தபடி பேசினான். அவன் அப்பா லாஸ் ஏஞ்சல்ஸில் நாற்பது வருடம் சலவைக்கடை வைத்திருந்தாராம். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் நீ எந்த நாடு என்று கேட்பார்களாம்.

“‘அங்கன அவங்க கேட்டாங்க, இங்கன நீங்களும் கேக்கியளே’ங்கான்,” என்று மந்திரமூர்த்தி என் காதில் சொன்னார்.

பாக்கு சார் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. வீடியோவில் மகள். “அப்பா!” என்றாள். கொரிய மொழியிலும் அப்பா என்றால் அப்பாதான். அமெரிக்காவை வறுத்தெடுத்த அதே வாய் குழைந்தது, கொஞ்சியது. அங்கே குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மந்திரமூர்த்தி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இருவரையும் வண்ணார்பேட்டையில் விடுதியில் இறக்கிவிட்டோம். அடுத்த டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

“என்னைக்கு ட்டி அந்தக் குடியுரிமைச் சத்தியம் பண்ணுத?” என்றுதான் ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. “வெள்ளிக்கிழமைப்பா.”

“என்ன சொல்லணும்? தமிழ்ல சொல்லு. மொழிபெயர்ப்பு சரியா இருக்கான்னு பாக்கேன்.”

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள். “இதுவரைக்கும் எந்த அயல்நாட்டுக்கு விசுவாசமா இருந்தேனோ, அந்த விசுவாசத்த முழுசா விட்டுட்டேன்னு சொல்லணும்.”

“அயல்நாடா? எதுட்டி அயல்நாடு?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

“நம்ம நாடுதாம்ப்பா.”

மந்திரமூர்த்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“‘நம்ம’ன்னு சொல்லிட்டா வே!”