கைச்சூடு

கொலோன் நகர மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஊசிக்குக் காத்திருக்கையில்தான் அந்த ஈழத்து அண்ணையைச் சந்தித்தேன். மயிர் கொட்டிய தலையில் கம்பளித் தொப்பி. கீமோவில் அழிந்த வெள்ளை அணுக்களை வளர்க்கும் ஊசி எங்கள் இருவருக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து வந்ததை அவர் உடனே போடவிடமாட்டார். ஜெர்மன் தாதியிடம் "பொறுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கைக்குள் பொத்திச் சூடாக்குவார்.

ஒருநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

"அணுக்கள் கூடிட்டுதே, அண்ணை?"

"ஓம் தம்பி. ஆனால் ஊசி அவசரப்படுத்தினதாலை கனக்க அணு முத்தாமலே வந்திட்டுதாம். கிருமியோடை சரியாச் சண்டை பிடிக்க ஏலாதாம்."

பொத்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை மூத்தவனும் மீசை முளைக்க முன்னம்தான் சண்டைக்குப் போனவன்."

அடுத்த கிழமை அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. தாதி என் ஊசியைக் கொண்டுவந்தபோது, என்னையறியாமல் "பொறுங்கோ" என்றேன்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.