முன்வரிசையில் நிறுத்தினேன்

புக்கிட் ரம்பாயில் சிறுவர் நடனப் பள்ளி நடத்துகிறேன். "என் பிள்ள எப்ப முன்னால நிக்கும் டீச்சர்?" என்று கவினயாவின் அம்மா வாராவாரம் நச்சரிப்பார். கவினயாவுக்கு ஏழு வயது; கூச்ச சுபாவம். முன்னால் நின்றால் தைரியம் தானாக வருமென்று ஆண்டு விழா நடனத்துக்கு அவளை முன்வரிசையில் நிறுத்தினேன்.

எங்கள் முறை வந்தபோது அவளைக் காணவில்லை. மண்டபத்துக்கு வெளியே லோரிகள் பறக்கும் சாலை. பதறியடித்துத் தேடினோம். கடைசியில் மேடைக்கு அடியில், கழற்றிய சலங்கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பின்னால நிக்கிறேன்னு மூணு தடவ சொன்னேன் டீச்சர். நீங்க கேக்கவே இல்ல லா!"

என் மீதே எரிச்சலாக வந்தது. தன்னம்பிக்கை வளர்ப்பதாக விளம்பரம் செய்கிறேன். ஒரு குழந்தை துணிந்து சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கே நிற்பது என்று பிள்ளைகளைத்தான் கேட்கிறேன். பெற்றோர் முகம் சுளித்தாலும் மாற்றுவதில்லை.